வளியை அளந்த றொபேட் பொயில்



நான் போற்றும் அறிஞர் என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால் நம் மாணவருள் அநேகர் எடிசனைப் பற்றியோ நியூற்றனைப் பற்றியோதான் எழுதுகின்றனர். திருத்தித் திருத்தி எனக்கு அந்த அப்பிள் மரம் அலுத்துவிட்டது. இம்முறை வேறொருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் றொபேட் பொயில். விஞ்ஞானப் புத்தகத்தில் பொயிலின் விதி என்று ஒரு வரியில் வந்துபோகிறவர். தீவுப்பகுதிப் பிள்ளைகள் அவரை அந்த ஒரு வரிக்கு மேலும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கான காரணத்தை முதலிற் கூறிவிடுகிறேன்.

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் செல்லும். சோளகம் எழுந்த நாளில் அதற்கு மேலும் ஆகும். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை மக்களுக்குத் தாம்போதி உண்டு. நயினாதீவாருக்குக் கடல்வழி குறுகியது. நெடுந்தீவாருக்கு இந்த இரண்டு வாய்ப்பும் இல்லை. மூச்செடுக்கச் சிரமப்படும் நோயாளி ஒருவரைப் படகில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டி வந்தால், அவரோடு ஓர் ஒட்சிசன் உருளையும் ஏறும். நடுக்கடலில் அதனை மாற்றித் தர ஒருவரும் இல்லை. உள்ளே இருப்பது எத்தனை நிமிடத்துக்குப் போதும் என்பதைக் கரையில் வைத்தே கணித்துக்கொள்ள வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் என் பெரியம்மாவுடன் நானும் அவ்வாறு சென்றேன். உருளையின் தலையில் இருந்த மானியின் முள் மெல்ல மெல்ல இறங்கியதை வழி முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எதனைச் சொல்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. நான் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் படிப்பிக்கிறவள். ஒட்சிசன் போதியது, பெரியம்மா கரை சேர்ந்தார். ஆயினும் வந்தவுடன் எங்கள் கல்வி நிலையத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியரிடம் அந்த முள்ளைப் பற்றிக் கேட்டேன். அவர் கரும்பலகையில் இரண்டு வரியிற் கணக்கைச் செய்துகாட்டி, இது பொயில் சொன்னதுதானே என்றார். அன்றிலிருந்துதான் இந்த மனிதரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

பிறப்பும் இளமையும்

றொபேட் பொயில் 1627 ஆம் ஆண்டு சனவரி 25 ஆம் திகதி அயர்லாந்திலுள்ள லிஸ்மோர் கோட்டையிற் பிறந்தார். தந்தையார் றிச்சாட் பொயில், கோர்க் பிரபு. அக்காலத்தில் அந்நாட்டின் பெருஞ்செல்வருள் ஒருவர். அவருடைய பிள்ளைகளுள் றொபேட் பதினான்காமவர். குழந்தைப் பருவத்திற் கோட்டைக்கு வெளியே, ஒரு கிராமத்துச் செவிலித் தாயிடம் வளர்ந்தார். மூன்று வயதிலேயே பெற்ற தாயை இழந்தார். பேசும்போது திக்குவாய் இருந்தது. அது அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை.

எட்டு வயதில் இங்கிலாந்தின் ஈற்றன் பாடசாலையிற் சேர்ந்தார். பின்னர் தமையனாருடனும் ஓர் ஆசிரியருடனும் ஐரோப்பாவுக்குப் பயணமானார். ஜெனீவாவிற் கல்வி கற்றுவிட்டு இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகரில் அவர் தங்கியிருந்த காலத்தில், அதாவது 1642 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், அந்நகரை அடுத்து வாழ்ந்த முதியவரான கலிலியோ காலமானார். பதினைந்து வயது நிரம்பும் தறுவாயில் இருந்த பொயில் கலிலியோவின் நூல்களை அங்கேதான் படித்தார். இதற்கிடையில் அயர்லாந்திற் கிளர்ச்சி மூண்டு தந்தையாரின் செல்வநிலை தளர்ந்தது. அனுப்பப்பட்ட பணமும் வந்து சேரவில்லை. தந்தையார் 1643 இல் இறந்தார். ஆசிரியரின் உதவியால் 1644 இல் இங்கிலாந்துக்குத் திரும்பியபோது பொயிலுக்கு வயது பதினேழு. நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. போருக்கு நடுவே படித்தவர் என்று நாம் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒருவர் அவர்.

தந்தையார் விட்டுச்சென்ற ஸ்ரோல்பிறிட்ஜ் என்னும் ஊரிலுள்ள வீட்டில் அவர் ஆய்வுகூடம் ஒன்றை அமைக்க முயன்றார். தூரத்திலிருந்து வரவழைத்த மண் உலை வழியிலேயே துண்டுதுண்டாக உடைந்து வந்து சேர்ந்தது. அந்த ஏமாற்றத்தைத் தம் தமக்கையார் கத்தரினுக்குக் கடிதத்தில் எழுதினார். மீண்டும் உலை அமைத்தார், வேலை தொடங்கியது.

ஒக்ஸ்போட்டில் ஒரு பம்பி

1650களின் நடுப்பகுதியிற் பொயில் ஒக்ஸ்போட் நகருக்குக் குடிபெயர்ந்தார். ஜேர்மனியிலுள்ள மக்டபேக் நகரத்தவரான ஒட்டோ வொன் கெரிக்கே, ஒரு பாத்திரத்துக்குள் இருக்கும் வளியை வெளியே இழுத்தெடுக்கும் பம்பி ஒன்றைச் செய்திருந்தார். அச்செய்தியை வாசித்த பொயில் அதிலும் சிறந்தது ஒன்று வேண்டும் என்று விரும்பினார். கண்ணாடிப் பாத்திரம் இருந்தால்தானே உள்ளே நடப்பதைப் பார்க்கலாம்? அந்தக் கருவியை 1659 ஆம் ஆண்டளவில் அவருக்குச் செய்துகொடுத்தவர் றொபேட் ஹூக் என்னும் இளைஞர். வறிய குடும்பத்துப் பிள்ளை. கை வேலையில் மிகவும் கெட்டிக்காரர். பிற்காலத்தில் அவரும் பெரும் விஞ்ஞானியானார். பொயிலின் புகழில் ஒரு பங்கு ஹூக்குக்கு உரியது என்பதை மாணவர்கள் மறத்தல் ஆகாது.

அக்கண்ணாடிப் பாத்திரத்துள் ஒரு கடிகையைத் தொங்கவிட்டு வளியை அகற்றினார்கள். அதன் டிக் டிக் ஒலி மங்கி மறைந்தது. எரியும் மெழுகுதிரியை வைத்தார்கள், சுடர் அணைந்தது. பின்னர் வானம்பாடி, சிட்டுக்குருவி, எலி ஆகியவற்றை வைத்தார்கள். வளி குறையக் குறைய அவை தள்ளாடி வலிப்பெடுத்து விழுந்தன. தக்க நேரத்தில் வளியை உள்ளே விட்டபோது சில உயிர்கள் தேறி எழுந்தன. இன்று நமக்கு இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் உயிருக்கும் சுடருக்கும் வளியில் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது என்பது இத்தகைய சோதனைகளாலேயே தெளிவாகியது. அந்த ஏதோ ஒன்றுக்கு ஒட்சிசன் என்ற பெயர் வருவதற்கு இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. சுவீடனிற் சீலேயும் இங்கிலாந்திற் பிறீஸ்ற்லியும் அதனைத் தனித்தனியே பிரித்தெடுத்தது 1770களிலேயே. அதற்குப் பெயர் சூட்டியவர் பிரான்சு நாட்டு லவோசியே.

இச்சோதனைகளை 1660 இற் பொயில் நூலாக வெளியிட்டார். வளி கம்பளி மயிர்க் குவியல் போன்றது. அமுக்கினால் ஒடுங்கும், விட்டால் எழும்பும் என்பது அவருடைய விளக்கம். வளிக்கு ஒரு மீள்தன்மை உண்டு என்றார்.

மாடிப்படியில் ஒரு கண்ணாடிக் குழாய்

எல்லாரும் இதனை ஏற்கவில்லை. பிரான்சிஸ் லைன் என்ற மதகுரு 1661 இல் மறுப்பு எழுதினார். வளிக்கு அவ்வளவு வலிமை கிடையாது என்பதும், கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற ஒன்றே இரசத்தை மேலே இழுத்துப் பிடிக்கிறது என்பதும் அவர் கட்சி. நம்மில் ஒருவராயின் கோபத்தோடு பதில் எழுதியிருப்போம். பொயில் அளந்து பார்த்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயை அடியில் வளைத்து, குறுகிய புயத்தின் நுனியை மூடினார்கள். நீண்ட புயம் அறைக்குள் அடங்காத உயரம். ஆகவே மாடிப்படியில் வைத்துச் சோதனை செய்ய வேண்டியதாயிற்று. மேலிருந்து இரசத்தை ஊற்ற ஊற்ற, மூடிய பக்கத்தில் அகப்பட்ட வளி ஒடுங்கியது. முதலில் எடுத்த குழாய் வேலை முடியும் முன்பே உடைந்துபோனது. விலையுயர்ந்த இரசம் மறுமுறை சிந்திவிடாதிருக்க, அடுத்த குழாயை ஒரு மரப்பெட்டிக்குள் நிறுத்தினார்கள்.

கிடைத்த எண்களைப் பாருங்கள். தொடக்கத்தில் வளியின் நீளம் 12 அங்குலம்; அதனைத் தாங்கிய அமுக்கம் ஏறத்தாழ 29.1 அங்குல இரசம். வளி 6 அங்குலமாக ஒடுங்கியபோது அமுக்கம் 58.8. அது 3 அங்குலமானபோது 117.6. இரண்டிரண்டாகப் பெருக்குங்கள். முதலாவது சற்றொப்ப 349, மற்றைய இரண்டும் 353 அளவில் வருகின்றன. கனவளவு பாதியானால் அமுக்கம் இருமடங்கு, பெருக்குத்தொகை மாறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பொருளொன்று கணக்குக்குள் அடங்கியது. 1662 இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் லைனுக்கு விடையாகப் பொயில் இந்த அட்டவணையை வெளியிட்டார்.

மாறா வெப்பநிலையிற் குறித்த திணிவுடைய வாயுவின் கனவளவு அதன் அமுக்கத்துக்கு நேர்மாறு விகிதசமமாகும் என்று நீங்கள் மனனம் செய்வது இதனையே. இத்தொடர்பை முன்பே ஊகித்தவர்கள் றிச்சாட் ரவுண்லி, ஹென்றி பவர் என்னும் இருவர். அதனைத் தமது என்று பொயில் சொந்தம் கொண்டாடவில்லை; ரவுண்லியின் கருத்தென்றே எழுதினார். பெயர் மட்டும் பொயிலுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. பிரான்சிலோ இதனை 1676 இல் எழுதிய மரியோற்றின் பெயரால் வழங்குவர்.

முள் சொல்லும் கணக்கு

இனிப் படகுக்கு வருவோம். உருளையின் உட்கனவளவு 5 லீற்றர் என்றும் மானியின் முள் 60 பாரிற் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம். பொயிலின்படி, இந்த ஒட்சிசன் வெளியே வந்து சாதாரண அமுக்கத்தை அடையும்போது பிடிக்கும் கனவளவு 5 × 60, அதாவது 300 லீற்றர். நோயாளிக்கு நிமிடத்துக்கு 4 லீற்றர் வீதம் செல்வதாயின் 75 நிமிடம். ஆனால் முள் பூச்சியத்தைத் தொடும்வரை காத்திருப்பது அறிவீனம். 10 பாரைத் தொடாத சேமிப்பாக ஒதுக்கினால் மிஞ்சுவது 50 × 5, அதாவது 250 லீற்றர். 62 நிமிடத்துக்கு மட்டும் காணும். கடல் ஒரு மணித்தியாலம் என்றேன். இறங்குதுறையில் நோயாளியை இறக்க வேண்டும், அதன்பின் தரைவழியும் இருக்கிறது. நடுவழியில் மூச்சு மோசமாகி வீதத்தை 8 லீற்றராகக் கூட்டினால் அந்த 62 நிமிடம் 31 ஆகிவிடும். என் பெரியம்மாவின் பயணத்தில் இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்திருந்தால் பயம் குறைந்திருக்குமா, கூடியிருக்குமா என்பதை இன்றும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

இதனைத் தீவுப்பகுதியின் குறை என்று மட்டும் எண்ணற்க. 2021 ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின்போது இந்தியத் தலைநகர் டெல்லியின் பெரிய மருத்துவமனைகளே தம்மிடம் எத்தனை மணித்தியாலத்துக்கு ஒட்சிசன் இருக்கிறது என்று பகிரங்கமாக அறிவித்து உதவி கேட்டன.

விஞ்ஞானம் படிப்பவர்களுக்காக மூன்று செய்திகளைச் சேர்த்துக்கொள்கிறேன். விதியில் மாறா வெப்பநிலை என்ற சொற்கள் சும்மா இருக்கவில்லை. 27 பாகை செல்சியசில் 60 பார் காட்டிய உருளையை வெயிலிற் போட்டு அது 47 பாகைக்குச் சூடானால் முள் 64 ஐக் காட்டும். உள்ளே ஒட்சிசன் ஒரு லீற்றரும் கூடியிராது. மற்றது, மிகை அமுக்கத்தில் வாயுக்கள் பொயிலின் விதியிலிருந்து சற்று விலகும். பிரித்தானிய முறையில் ஈ அளவு எனப்படும் உருளையின் உட்கனவளவு 4.7 லீற்றர், நிரப்பும் அமுக்கம் 137 பார். பெருக்கினால் 644 லீற்றர் வரும். ஆனால் அது கொள்ளும் ஒட்சிசன் 680 லீற்றர் என்றே குறிக்கப்படுகிறது.

மூன்றாவதுதான் முக்கியம். சத்திரசிகிச்சையின்போது மயக்கத்துக்குப் பயன்படும் நைதரசு ஒட்சைட்டு உருளைக்குள் திரவமாகவே இருக்கிறது. 20 பாகை செல்சியசில் முள் ஏறத்தாழ 50 பாரிலே நிற்கும். வாயு வெளியேற வெளியேறத் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்புவதால், திரவம் முடியும்வரை முள் பெரிதாக அசையாது. முடிந்தபின் மளமளவென்று விழும். ஆகவே அந்த உருளையை நிறுத்துத்தான் மிச்சத்தை அறிவர். வீட்டில் அம்மா சமையல் காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து இன்னும் நாலு நாளைக்குக் காணும் என்று சொல்வதும் இதே முறைதான்.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். மயக்க வாயுக்களைக் கொடுக்கும் இயந்திரத்தை வைத்தியசாலைகளிற் பொயில் இயந்திரம் என்று சொல்வதுண்டு. அந்தப் பொயில் வேறு. அவர் 1875 இற் பாபடோசிற் பிறந்து 1941 இல் இறந்த ஹென்றி எட்மண்ட் கஸ்கின் பொயில் என்னும் மயக்க மருந்து வைத்தியர். 1917 இல் அவ்வியந்திரத்தை உருவாக்கினார். பெயர்ப் பொருத்தம் தற்செயலானது. விடைத்தாளில் இருவரையும் ஒருவராக்கிவிடாதீர்கள்.

பிற்காலம்

1660 இல் இலண்டனில் றோயல் சங்கத்தைத் தொடங்கிய பன்னிருவருள் நம் பொயிலும் ஒருவர். மண், நீர், நெருப்பு, காற்று என்ற பழைய மூலகக் கொள்கையைக் கேள்விக்குட்படுத்தி 1661 இல் அவர் எழுதிய நூல் இரசாயனவியலின் வரலாற்றில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது. 1668 இல் இலண்டனுக்குச் சென்று தமக்கையார் கத்தரினின் வீட்டிற் குடியேறினார். அவர் திருமணம் செய்யவில்லை. கத்தரினும் கல்வியிற் சிறந்தவர். அக்காலத்து அறிஞர் பலர் அவ்வீட்டுக்கு வந்துபோயினர். 1670 இற் பொயிலைப் பக்கவாதம் தாக்கியது. கண்பார்வையும் நெடுங்காலமாகவே பலவீனம்; சொல்லச் சொல்லப் பிறர் எழுதியே பல நூல்கள் உருவாகின. 1680 இல் றோயல் சங்கத்தின் தலைவர் பதவி தேடி வந்தது. அதற்குச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தமையால் மனச்சாட்சி இடந்தராது மறுத்துவிட்டார்.

எதிர்காலத்தில் மனிதர் செய்து முடிக்க வேண்டும் என்று தாம் விரும்பிய 24 விடயங்களை அவர் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அத்தாள் றோயல் சங்கத்திற் பேணப்படுகிறது. பறத்தல், நீருக்கடியில் நெடுநேரம் இருத்தல், நோவைத் தணித்து நல்ல உறக்கம் தரும் மருந்து ஆகியன அதில் உள்ளன. மூழ்காத கப்பலும் உண்டு. பலவற்றை உலகம் செய்துவிட்டது. மூழ்காத கப்பல் இன்னும் வரவில்லை என்பதைத் தீவாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1691 ஆம் ஆண்டு திசம்பர் 23 ஆம் திகதி கத்தரின் காலமானார். எட்டு நாட் கழித்து, திசம்பர் 31 ஆம் திகதி, பொயிலும் மறைந்தார். அவருக்கு வயது 64. ஒக்ஸ்போட்டில் அவர் வாழ்ந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்திலுள்ள மதிலில், பொயிலும் ஹூக்கும் அங்கு பணியாற்றியமையைக் கூறும் கல்வெட்டு ஒன்று பதிக்கப்பட்டுள்ளது.

பயிற்சி

நோயாளி ஒருவர் நெடுந்தீவு இறங்குதுறையிற் படகுக்குக் காத்திருக்கிறார். உருளையின் உட்கனவளவு 10 லீற்றர். முள் 40 பாரில் நிற்கிறது. வைத்தியர் விதித்த வீதம் நிமிடத்துக்கு 5 லீற்றர். 10 பாரைச் சேமிப்பாக ஒதுக்க வேண்டும். குறிகட்டுவானில் அம்புலன்ஸ் வந்து நிற்கிறதா என்பது தெரியாது. இந்த உருளையுடன் படகு புறப்படலாமா, இன்னொன்றையும் ஏற்ற வேண்டுமா? கணக்கைச் செய்முறையுடன் காட்டி, உமது முடிவுக்கான காரணத்தை ஐந்து வசனங்களில் எழுதுக.